டிஎன்ஏ பொருந்திவிட்டால் அப்பீல் முடிந்ததா?

கேள்வியின் சுருக்கம் இது. கடலூர் செஷன்ஸ் கோர்ட்டில் கொலை வழக்கு, ஆயுள் தண்டனை. நேரில் பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. இருவரையும் கடைசியாகச் சேர்த்துப் பார்த்ததாக ஒரு கடைக்காரர், வி.ஏ.ஓ. முன்னிலையில் கத்தியையும் சட்டையையும் எடுத்துக் கொடுத்ததாக ஒரு மகஜர் (போலீஸ் எழுதும் கைப்பற்றல் பத்திரம்), சட்டையில் இருந்த ரத்தம் இறந்தவருடையது என்று ஒரு டிஎன்ஏ ரிப்போர்ட். "டிஎன்ஏவே பொருந்திவிட்டது, இனி ஐகோர்ட்டில் போய் என்ன வாதாடுவது?" என்று ஊரில் சொல்கிறார்களாம். சரிதானா?

பாதிதான் சரி. டிஎன்ஏ சோதனை தானாகப் பொய் சொல்வது அரிது. ஆனால் அது சொல்வது ஒரே ஒரு விஷயம்தான்: ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த இந்தக் கவருக்குள் இருந்த கறையும், அந்தக் குழாய்க்குள் இருந்த ரத்தமும் ஒரே ஆளுடையவை. சட்டை யாருடையது, யார் எப்போது எடுத்தார், நடுவில் எத்தனை நாள் எந்த அறையில் கிடந்தது, கறை எப்படி ஏறியது, இவற்றில் ஒன்றையும் மெஷின் சொல்லாது. அதையெல்லாம் சாட்சிகளும் காகிதங்களும் சொல்ல வேண்டும். அப்பீலில் பார்க்க வேண்டியது அந்தக் காகிதங்களை.

சட்டத்தில் டிஎன்ஏவின் இடமும் அதுதான். பழைய சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய சாட்சிய அதினியத்தின் 39-ஆம் பிரிவு, இரண்டிலும் அது நிபுணர் கருத்து மட்டுமே. கொடைக்கானல் மலையில் உடல் கிடைத்த தமிழ்நாட்டுக் கொலை வழக்கு ஒன்றில் 2019-இல் உச்ச நீதிமன்றம் இதை நேராகச் சொன்னது: டிஎன்ஏவின் மதிப்பு வழக்குக்கு வழக்கு மாறும். அந்த வழக்கில் டிஎன்ஏ சோதனையே செய்யவில்லை. மண்டையோட்டைப் புகைப்படத்தோடு பொருத்திப் பார்த்த சோதனையும் மற்ற சாட்சியங்களும் இருந்தன, தண்டனை நின்றது. ஆக, டிஎன்ஏ இல்லாமலும் தண்டனை நிற்கும், இருந்தும் விழும்.

முதலில் சந்தர்ப்ப சாட்சியத்தை எடுத்துக்கொள்வோம். 1984-இல் வந்த சரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பின் ஐந்து விதிகளைச் சொல்லாத அப்பீல் மனு கிடையாது. ஒவ்வொரு சூழ்நிலையும் முழுதாக நிரூபிக்கப்பட வேண்டும். எல்லாம் குற்றத்தோடு மட்டுமே பொருந்த வேண்டும். முடிவானதாக இருக்க வேண்டும். வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் தரக்கூடாது. சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். மனுவில் இதை எழுதுவது எளிது. பலர் கோட்டை விடுவது முதல் விதியில்தான். "செய்திருக்கலாம்" என்பதற்கும் "செய்திருக்கவே வேண்டும்" என்பதற்கும் இடையே உள்ள தூரத்தைத் தாண்டாத சூழ்நிலையைச் சங்கிலியில் கோக்கவே கூடாது. ஆகவே சங்கிலி முழுமையா என்று கேட்பதற்கு முன், ஒவ்வொரு கண்ணியையும் தனியாகக் கழற்றி, இது நிரூபணமானதா என்று கேட்க வேண்டும். இரண்டு கண்ணி விழுந்தாலே மீதி தானாகத் தொங்கும்.

கடைசியாகச் சேர்ந்து பார்த்த சாட்சியில் மணிக்கணக்குதான் உயிர். பார்த்த நேரத்துக்கும் இறந்த நேரத்துக்கும் இடையில் மூன்றாவது ஆள் நுழைய வாய்ப்பே இல்லாத அளவுக்கு இடைவெளி சின்னதாக இருந்தால்தான் அதற்குக் கனம். இறந்த நேரத்துக்குப் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழைப் பாருங்கள்: உடல் விறைப்பு இருந்ததா, விலகத் தொடங்கியதா, இரைப்பையில் என்ன இருந்தது. நம் பக்கத்துக் கோடையில் விறைப்பு 18 முதல் 36 மணிக்குள் விலகிவிடும். டாக்டர் "24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்" என்று எழுதியிருந்தால் அந்த 24 மணி நேர இடைவெளி முழுவதும் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பக்கம் சாய்கிற இடம். குறுக்கு விசாரணையில் டாக்டரிடம் இதைக் கேட்டார்களா என்று பாருங்கள். பல வழக்குகளில் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் சான்றிதழில் இருப்பதை வைத்து வாதாடலாம்.

கடலூர், புதுச்சேரி எல்லை வழக்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. உதாரணத்துக்கு ஒன்று வைத்துக்கொள்வோம்: முள்ளோடைக்கு அந்தப் பக்கம் ஒரு மதுக்கடையில் இரவு ஒன்பது மணிக்கு இருவரையும் பார்க்கிறார்கள், மறுநாள் இந்தப் பக்கம் சவுக்குத் தோப்பில் உடல். கடை புதுச்சேரி போலீஸ் எல்லையில், வழக்கு தமிழ்நாடு போலீசில். கடையின் சிசிடிவி பதிவை யார் கைப்பற்றினார்கள், எந்தத் தேதியில், அதற்கான சான்றிதழ் இருக்கிறதா? பழைய சட்டத்தில் 65பி, புதிய சட்டத்தில் 63(4). சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு உறுதியாகச் சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் சான்றிதழுக்கு இரண்டு பாகம்: கருவிக்குப் பொறுப்பானவர் ஒன்று, நிபுணர் ஒன்று, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் வேண்டும். பதிவுக் கருவியான டிவிஆரின் கடிகாரம் சரியான நேரத்தில் இருந்ததா என்பதை யாரும் கேட்பதில்லை. பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை பிசகியிருக்க முடியும். செல்போன் டவரும் அப்படித்தான். ஒரு டவர் கிலோமீட்டர் கணக்கில் பரப்பை எடுக்கும். எல்லைக் கிராமத்தில் நிற்கிறவரின் போன் பக்கத்து மாநில டவரில் பதிவாவது அன்றாடம் நடப்பது. "டவர் லொகேஷன் அந்த இடத்தில்" என்று தீர்ப்பில் இருந்தால், எந்த இடம், எத்தனை கிலோமீட்டர் சுற்றளவு என்று கேட்க வேண்டும்.

அடுத்தது கைப்பற்றுதல். சாட்சியச் சட்டத்தில் பழைய 27-ஆம் பிரிவு, இப்போது 23-ஆம் பிரிவின் காப்புரை. பிரிவி கவுன்சில் காலத்துப் புலுகூரி கோட்டய்யா தீர்ப்புதான் இன்றும் அடிப்படை: வாக்குமூலத்தில், கண்டுபிடிக்கப்பட்ட விஷயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டுமே சாட்சியம். "கத்தியை முந்திரித் தோப்பில் கிணற்று மேட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்" என்பது வரும். "அதனால்தான் குத்தினேன்" என்பது வராது. அந்த அனுமதிக்கப்பட்ட பகுதியை ஐ.ஓ., அதாவது புலன் விசாரணை அதிகாரி, தன் சாட்சியத்தில் எதிரி சொன்ன சொற்களிலேயே சொல்லியிருக்க வேண்டும். "எதிரி ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார், அதன்பேரில் கைப்பற்றினேன்" என்று மொட்டையாகச் சொன்னால் போதாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பிரேத விசாரணை காலை பத்து மணிக்கு நடந்து, எதிரி அன்று மாலை கைதாகி "உடல் இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன்" என்று சொன்னதாக இருந்தால், அது கண்டுபிடிப்பே இல்லை. எல்லோரும் போய்வருகிற இடத்தில், கெடிலம் கரையிலோ ரோட்டோரப் புதரிலோ, வெளியே தெரிகிற மாதிரி கிடந்த பொருளுக்கும் மதிப்பு குறைவு. மகஜர் சாட்சி எல்லா மகஜரிலும் அதே வி.ஏ.ஓ.வும் அதே உதவியாளருமாக இருப்பது நம் மாவட்டத்தில் புதிதல்ல. அதனால் மட்டும் சாட்சியம் செத்துவிடாது. ஆனால் அதே வி.ஏ.ஓ.விடம்தான் எதிரி தானாகப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றும் வழக்கு சொன்னால் சந்தேகம் நியாயமானது. முன்பின் பழக்கமில்லாத அரசு அலுவலரிடம் ஒருவர் ஏன் மனம் திறக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு அரசுத் தரப்பு பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இனி டிஎன்ஏ. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்க முடிவிலிருந்து படிக்காதீர்கள். முதல் பக்கத்தில் இருக்கும் பொருள் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்: எந்தப் பொருள், எந்தத் தேதியில் வந்தது, யார் கொண்டுவந்தார், முத்திரை எப்படி இருந்தது. பிறகு ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை போடுங்கள். கைப்பற்றிய தேதியும் நேரமும் மகஜரில் இருக்கும். கோர்ட்டுக்கு அனுப்பிய தேதி, படிவம் 91 அல்லது 95 என்று சொல்லப்படும் சொத்துப் பட்டியலில், மாஜிஸ்திரேட் கோர்ட்டின் சீலோடு இருக்கும். தமிழ்நாட்டு நடைமுறையில் பொருள்கள் கோர்ட் வழியாகத்தான் ஆய்வகத்துக்குப் போகும்: போலீஸ் கோரிக்கைக் கடிதம் கொடுக்கும், மாஜிஸ்திரேட் கடிதத்தோடு ஒரு கான்ஸ்டபிள் எடுத்துப் போவார். அந்தக் கடிதத்தின் தேதி, கான்ஸ்டபிளின் பெயர், ஆய்வக ரசீது, இவையும் வரிசையில் வர வேண்டும். கடலூருக்கு அருகில் விழுப்புரத்தில் மண்டல ஆய்வகம் இருக்கிறது. டிஎன்ஏவுக்குப் பெரும்பாலும் சென்னைத் தலைமை ஆய்வகம். இரண்டு ஆய்வகத்துக்கும் போய்வந்த பொருள் என்றால் கவர் ஒருமுறை பிரிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டிருக்கிறது. அதையும் குறியுங்கள்.

இந்த வரிசையில் ஓட்டை எங்கே விழும் என்பது ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடக்கூடியதுதான். சட்டை 3-ஆம் தேதி கைப்பற்றப்பட்டு 19-ஆம் தேதிதான் கோர்ட்டுக்குப் போயிருக்கும். நடுவில் பதினாறு நாள் ஸ்டேஷனில். அப்போது ரைட்டரிடம் இருந்ததா, சொத்து அறையில் இருந்ததா, ரிஜிஸ்டரில் பதிவுண்டா என்று எந்த சாட்சியும் சொல்லியிருக்க மாட்டார். எடுத்துப் போன கான்ஸ்டபிளையே விசாரித்திருக்க மாட்டார்கள். இறந்தவரின் ரத்தம் தோய்ந்த உடுப்பும் எதிரியின் சட்டையும் ஒரே நாளில், ஒரே மேஜையில், ஒரே ஆள் பார்சல் கட்டியிருப்பார். இந்தக் கடைசித் தவறு மிக மோசமானது. ஈர உடுப்பு மற்றதன் மேல் பட்டாலே கறை மாறிவிடும், பிறகு டிஎன்ஏ ரிப்போர்ட் நூற்றுக்கு நூறு உண்மையைத்தான் சொல்லும், ஆனால் அது வேறு உண்மை.

பொருளை வைத்த விதமும் முக்கியம். ரத்தக்கறை படிந்த துணியை நிழலில் காற்றாட உலர்த்தி, காகிதக் கவரில் தனித்தனியாகப் போட வேண்டும். பிளாஸ்டிக் கவரில் ஈரத்தோடு கட்டினால், கடலோரப் புழுக்கத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ துண்டு துண்டாகச் சிதையும். எதிரியின் ரத்தம் ஊதா மூடிக் குழாயில், அதாவது இடிடிஏ குழாயில், இரண்டு முதல் ஐந்து மில்லி எடுத்து நான்கு டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். இல்லையென்றால் எஃப்டிஏ அட்டையில் சொட்டு வைத்து உலர்த்தலாம். அழுகிய உடல் என்றால் தொடை எலும்பும் கடைவாய்ப் பல்லும். திசுவை ஃபார்மலினில் போட்டுவிட்டால் டிஎன்ஏ கெட்டுப்போகும். விஷச் சோதனைக்கு உள்ளுறுப்பை உப்புக் கரைசலில் அனுப்பும் பழக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: கெட்டுப்போன மாதிரியில் ரிசல்ட் வராமல் போகுமே தவிர, ஒருவருடைய டிஎன்ஏ இன்னொருவருடையதாக மாறிவிடாது. "சூட்டில் கிடந்தது, அதனால் ரிப்போர்ட் தப்பு" என்ற வாதம் நிற்காது. "மாற்றியிருக்க முடியும், கலந்திருக்க முடியும்" என்ற வாதம்தான் நிற்கும், அதுவும் தேதிகளோடு சொன்னால்.

இதில் நமக்கு மிக அருகில் உள்ள தீர்ப்பு தேனி மாவட்டம் சுருளி அருவி வழக்கு. 2011-இல் நடந்த இரட்டைக் கொலை. கீழ்க்கோர்ட் கொடுத்த மரண தண்டனையை ஐகோர்ட் உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் எதிரியை விடுதலை செய்தது. டிஎன்ஏ மாதிரிகள் கைமாறிய வழி நிரூபிக்கப்படவில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. கூடவே நாடு முழுவதற்குமான வழிமுறைகளையும் கொடுத்தது. மாதிரி எடுத்த ஆவணத்தில் எஃப்.ஐ.ஆர். எண்ணும் தேதியும், சட்டப்பிரிவு, ஐ.ஓ., ஸ்டேஷன் விவரமும், டாக்டர், ஐ.ஓ., சுயேச்சை சாட்சிகள் ஆகியோரின் கையெழுத்தும் பதவியும் இருக்க வேண்டும். மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போக வேண்டும். தாமதமானால் காரணத்தைக் கேஸ் டைரியில் எழுத வேண்டும். விசாரணைக் கோர்ட்டின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் பார்சலைத் திறக்கவோ மறுபடி சீல் வைக்கவோ கூடாது. எடுத்த நாள் முதல் வழக்கின் முடிவு வரை கைமாற்றுப் பதிவேடு ஒன்று வைத்து, அதை வழக்குக் கட்டோடு சேர்க்க வேண்டும். சுயேச்சை சாட்சி கிடைக்காதது மட்டுமே மாதிரியைக் கெடுத்துவிடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. முயன்றது பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வழக்கின் மாதிரிகள் 2025-க்கு முன் எடுக்கப்பட்டவை என்றால் 48 மணி நேர விதியை நேரடியாகப் பிடித்துத் தொங்க முடியாது. ஆனால் விளக்கமில்லாத தாமதம் சந்தேகம் என்பது அதற்கு முன்பே உள்ள சட்டம். 2022 நவம்பர் 7 அன்று டெல்லி சாவ்லா வழக்கில் மூவரின் மரண தண்டனையை நீக்கியபோது, பிப்ரவரி 14, 16 தேதிகளில் எடுத்த மாதிரிகள் 27 வரை ஸ்டேஷன் சொத்து அறையிலேயே இருந்ததை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. கருத்துக்கு அடிப்படை என்ன, நுட்பம் நம்பகமாகக் கையாளப்பட்டதா என்று கீழ்க்கோர்ட்டுகள் பார்க்கவே இல்லை என்றும் சொன்னது.

அந்த அடிப்படை ரிப்போர்ட்டின் அட்டவணையில் இருக்கிறது. பயப்பட வேண்டாம், படிக்கக்கூடியதுதான். இடது பக்கம் டி8எஸ்1179, டி21எஸ்11, எஃப்ஜிஏ என்று டிஎன்ஏவில் சோதிக்கும் இடங்களின் பெயர்கள். பழைய கிட்டில் 15 இடங்களும் பாலினத்தைக் காட்டும் அமெலோஜெனினும் சேர்த்து 16. புதிய கிட்டுகளில் 20-க்கு மேல். ஒவ்வொரு இடத்திலும் ஒருவருக்கு இரண்டு எண், ஒன்று தாய் வழி, ஒன்று தந்தை வழி. இரண்டும் ஒன்றாகவே இருந்தால் ஒரே எண். கறையின் வரிசையில் "13, 15", இறந்தவரின் வரிசையிலும் "13, 15" என்றால் பொருத்தம். பல இடங்களில் மூன்று நான்கு எண்கள் வந்தால் குறைந்தது இரண்டு பேருடையது கலந்திருக்கிறது என்று பொருள். அப்போது "இறந்தவருடையது" என்று மட்டும் எழுதுவது போதாது. கூட இருக்கிறவர் யார் என்ற கேள்வி எழும். கறையில் "13" மட்டும் வந்து ஆளுக்கு "13, 15" இருந்தால், மாதிரி குறைவாக இருந்து 15 தெரியாமல் போனதா, அல்லது அது வேறு ஆளா? இரண்டும் நடக்கலாம். சோதனைக்கு நல்லபடியாக அரை முதல் ஒரு நானோகிராம் டிஎன்ஏ வேண்டும், 0.1 நானோகிராமுக்குக் கீழே போனால் எண்கள் விடுபடுவதும் இல்லாத எண் முளைப்பதும் சகஜம். 0.1 என்பது பதினைந்து உயிரணுவுக்குச் சமம். ஆகவே எவ்வளவு டிஎன்ஏ கிடைத்தது, மாதிரியே போடாமல் ஓட்டும் வெற்றுச் சோதனையில் ஏதாவது முளைத்ததா, வரைபடத்தில் உச்சிகள் எவ்வளவு உயரம், இந்தத் தாள்கள் ரிப்போர்ட்டோடு வந்தனவா என்று பாருங்கள். பெரும்பாலும் வந்திருக்காது.

மற்ற இடங்களில் "ரிசல்ட் இல்லை" என்று வந்து ஐந்தில் மட்டும் பொருந்தினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். வசதிக்கு, ஒவ்வோர் இடத்திலும் பத்தில் ஒருவருக்கு அதே எண்கள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 15 இடமும் பொருந்தினால், ஒன்றுக்குப் பின்னால் 15 பூஜ்யம் போட்ட எண்ணிக்கையில் ஒருவர். உலகத்திலேயே வேறு ஆள் கிடையாது எனலாம். ஐந்து மட்டும் என்றால் லட்சத்தில் ஒருவர். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்ட மக்கள்தொகை 26 லட்சம். ஆண்கள் சுமார் 13 லட்சம். அப்படியானால் இந்த மாவட்டத்தில் மட்டும் பதின்மூன்று ஆண்கள் அந்தக் கறைக்குப் பொருந்துவார்கள். "லட்சத்தில் ஒருவர்தான், ஆகவே இவர் குற்றவாளியாக இல்லாமல் இருக்க லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்" என்று அரசுத் தரப்பு சொன்னால் அது தப்புக் கணக்கு. மற்ற சாட்சியம் இல்லையென்றால், கறை இவருடையதாக இருக்கும் வாய்ப்பு பதின்மூன்றில் ஒன்றுதான். கூடப் பிறந்தவர் என்றால் இன்னும் நெருக்கம்: ஒவ்வோர் இடத்திலும் அண்ணன் தம்பிக்கு இரண்டு எண்ணும் ஒத்துப்போக குறைந்தது நான்கில் ஒரு வாய்ப்பு, ஐந்து இடத்தில் ஆயிரத்துச் சொச்சத்தில் ஒன்று. மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்கிற ஊர்களில், எதிரிக்கு உறவான இன்னொருவர்மேலும் சந்தேகம் இருந்திருந்தால், இந்த எண்ணிக்கையை விடாமல் கேட்க வேண்டும். எந்தப் புள்ளிவிவரமும் இல்லாமல் "பொருந்துகிறது" என்று மட்டும் முடிகிற ரிப்போர்ட்டுக்கு எவ்வளவு எடை என்று கோர்ட்டுக்கே தெரியாது.

ஒய் குரோமோசோம் சோதனை என்றால் இன்னும் கவனம். அப்பா, சித்தப்பா, பெரியப்பா மகன், எல்லோருக்கும் ஒரே வரிசை. ஒரு பங்காளிக் கூட்டத்தையே சுட்டுமே தவிர ஓர் ஆளைச் சுட்டாது. மைட்டோகாண்ட்ரியா சோதனை தாய் வழியில் அதே மாதிரி.

டிஎன்ஏ சரியாகவே பொருந்தி, கைமாறிய வழியும் சுத்தமாக இருந்தால்? அப்போதும் ஒரு கேள்வி மீதி இருக்கிறது: கறை அங்கே இருப்பதற்குக் குற்றம் தவிர வேறு காரணம் உண்டா? ஒரே வீட்டில் குடியிருந்தவர், அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர், இவர்கள் சட்டையில் ரத்தம் இருப்பது இயல்பு. ஆனால் இந்த விளக்கத்தை எதிரி முதல் நாளிலிருந்து சொல்லியிருக்க வேண்டும். விசாரணையில் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, அப்பீலில் "தூக்கிப் போனேன்" என்றால் எடுபடாது. விளக்கமே இல்லை, இறந்தவரின் நகத்தடியில் எதிரியின் டிஎன்ஏ, எதிரியின் முகத்தில் அன்றைய கீறல், டாக்டர் பதிவு, 15 இடமும் பொருத்தம், மூன்றாம் நாளே ஆய்வகத்தில். அப்படிப்பட்ட வழக்கில் விடுதலைக்காக மட்டும் நிலத்தை விற்றுச் செலவு செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். தண்டனைப் பிரிவைக் குறைக்க முடியுமா என்ற வாதத்துக்கு அங்கே அதிகப் பயன்.

பாலியல் குற்ற வழக்கில் கேள்வி வேறு. விந்தணு டிஎன்ஏ உறவு நடந்ததைக் காட்டும், சம்மதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் சம்மதம் என்ற பேச்சே இல்லை. எதிரியை டாக்டர் பரிசோதிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 52, வழிசெய்திருக்கும்போது போலீஸ் டிஎன்ஏவே எடுக்காமல் விட்டது அரசுத் தரப்பின் குறைதான் என்று 2011-இல் கிருஷன் குமார் மாலிக் தீர்ப்பு சொன்னது. மாதிரி எடுத்தார்கள், அனுப்பினார்கள், ரிப்போர்ட் மட்டும் கோர்ட்டுக்கு வரவில்லை என்றால் அதைவிடப் பெரிய கேள்வி. கையில் இருந்த சாட்சியத்தை மறைத்தால் அது தனக்குப் பாதகமாக இருக்கும் என்பதால்தான் மறைத்தார் என்று கோர்ட் ஊகிக்கலாம். சாட்சியச் சட்டத்தில் பழைய 114 உதாரணம் ஜி, புதிய 119.

ஆய்வக ரிப்போர்ட்டை நிபுணரைக் கூப்பிடாமலே ஏற்க 293-ஆம் பிரிவு, இப்போது பிஎன்எஸ்எஸ் 329, இடம் தருகிறது. அதனால் ஐ.ஓ. வழியாகவே ரிப்போர்ட் குறியீடு செய்யப்பட்டிருக்கும். அதே பிரிவில் நிபுணரைக் கோர்ட் கூப்பிடவும் அதிகாரம் உண்டு. விசாரணையின்போதே எதிரித் தரப்பு மனுப் போட்டிருந்தால் நல்லது. போடாமல் விட்டிருந்தால் ஐகோர்ட் கேட்கிற முதல் கேள்வி "அப்போது ஏன் கேட்கவில்லை?" என்பதுதான். கூடுதல் சாட்சியத்துக்கு 391, இப்போது 432, இருக்கிறது. ஓட்டையை அரசுத் தரப்பு அடைத்துக்கொள்ளவும் அது உதவிவிடும் என்பதால் யோசித்துத்தான் தொட வேண்டும். ரிப்போர்ட்டில் வரைபடம் இல்லை என்பதே உங்களுக்குச் சாதகமாக இருக்கும்போது, நீங்களே போய் அதை வரவழைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

அரசுத் தரப்பு சாட்சியம் முடிந்தபின் கோர்ட் எதிரியிடம் 313-ஆம் பிரிவின்கீழ், இப்போதைய 351, கேட்ட கேள்விகளைக் கட்டாயம் படியுங்கள். டிஎன்ஏ ரிப்போர்ட்டை எதிரியிடம் தனிக் கேள்வியாக வைத்தார்களா? "சாட்சிகள் உனக்கு எதிராகச் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள், என்ன சொல்கிறாய்?" என்று ஒரே மூட்டையாகக் கேட்டிருந்தால், கேட்காத சூழ்நிலையை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடாது என்ற வாதம் உண்டு. ஆனால் இதனால் எதிரிக்கு என்ன பாதகம் நேர்ந்தது என்று காட்ட வேண்டும். குறையைச் சரிசெய்ய ஐகோர்ட் வழக்கைத் திருப்பி அனுப்பவும் கூடும். பல வருடம் ஓடிப்போன வழக்கில் அப்படித் திருப்பி அனுப்புவது நியாயமில்லை என்றும் வாதாடலாம்.

தனக்கு மட்டுமே தெரிந்ததைத் தானே விளக்க வேண்டும் என்கிற சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, இப்போது 109, அடிக்கடி தவறாகப் பயன்படுத்தப்படுவது. வீட்டுக்குள் மனைவி இறந்தால் கணவன் விளக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்தார் என்பதை முதலில் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். அவர் நெய்வேலியில் நைட் ஷிஃப்டில் இருந்ததாக வருகைப் பதிவேடு இருந்து, அதை யாரும் மறுக்கவில்லை என்றால், விளக்கும் பொறுப்பு அவருக்கு வரவே வராது.

நடைமுறைக்கு வருவோம். கடலூரோ புதுச்சேரியோ, அப்பீல் சென்னை ஐகோர்ட்டுக்குத்தான். மதுரைக் கிளைக்கு அல்ல. ஆயுள் தண்டனை என்றால் இரு நீதிபதி அமர்வு கேட்கும். கெடு 60 நாள். மரண தண்டனைக்கு 30 நாள், ஆனால் அது எப்படியும் உறுதிப்படுத்தலுக்காகத் தானாகவே ஐகோர்ட் போகும். தீர்ப்பு நகல் எடுக்க ஆன நாள்களைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். நகல் எதிரிக்கு இலவசம். கேப்பர் மலை ஜெயிலிலோ காலாப்பட்டு ஜெயிலிலோ இருக்கிறவர் சூப்பரிண்டெண்ட் வழியாகவே அப்பீல் அனுப்பலாம். வக்கீலுக்கு வசதியில்லை என்றால் ஐகோர்ட் சட்டப்பணிகள் குழு வக்கீல் கொடுக்கும். கெடு தாண்டியிருந்தால் காரணத்தோடு தாமத மன்னிப்பு மனு. தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்பது 389, இப்போது 430. கொலை வழக்கில் அது எளிதில் கிடைக்காது. ஆனால் மேலே சொன்ன தேதி வரிசையில் பெரிய ஓட்டை மேலெழுந்தவாரியாகப் பார்த்தாலே தெரிந்தால், அந்த மனுவிலேயே அதைக் காட்டுங்கள்.

எதிர்த் தரப்பில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: எதிரி விடுதலையானால் பாதிக்கப்பட்டவர் தரப்பும் அப்பீல் போகலாம், பழைய 372, புதிய 413. ஆனால் இரண்டு முடிவுக்கும் இடமிருந்தால் விடுதலையை ஐகோர்ட் கலைக்காது என்பது 2007-இன் சந்திரப்பா தீர்ப்பு. போலீஸ் விட்ட ஓட்டை உங்களைத்தான் அதிகம் பாதிக்கும். ஆகவே பிரேதப் பரிசோதனை முடிந்த வாரத்திலேயே பொருள்கள் கோர்ட்டுக்குப் போனதா, ஆய்வகத்துக்குப் போனதா என்று ஸ்டேஷனிலும் அரசு வக்கீலிடமும் எழுத்து மூலம் கேட்டு, அந்தக் கடித நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது தீர்ப்பை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். எல்லா மகஜரும், சொத்துப் பட்டியலும், மாஜிஸ்திரேட்டின் அனுப்புக் கடிதமும், ஆய்வக ரிப்போர்ட் எல்லாப் பக்கமும், ஐ.ஓ.வின் குறுக்கு விசாரணையும், 313 கேள்வித் தாளும். சேர்த்து நீங்களே போட்ட அந்தத் தேதி வரிசைத் தாள்.